300 யென் பெட்டி

1980 ஜூலையில் ஜப்பானியக் கடைகளுக்கு வந்த அந்தச் சிறு பெட்டியின் விலை 300 யென். உள்ளே ‘கன்டாம்’ என்னும் போர் ரோபோவின் உறுப்புகள் வெள்ளைப் பிளாஸ்டிக்கில், சட்டங்களோடு ஒட்டிய துண்டுகளாகக் கிடந்தன. கூடவே கொஞ்சம் பசையும் இருந்தது. வெட்டி எடுத்து ஒட்டினால் பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் வெளிறிய ஓர் உருவம் நிற்கும். தொலைக்காட்சியில் பார்த்த நீலமும் சிவப்பும் மஞ்சளும் அதில் இல்லை. வேண்டுமென்றால் வாங்கியவரே தீட்டிக்கொள்ள வேண்டும். இப்படிப் பாதி வேலையை வாங்குபவர் தலையில் வைத்த ஒரு பொருள்தான், ஒளிபரப்பில் இடையில் அறுபட்ட ஒரு கதையை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடு வைத்திருக்கிறது. அந்தக் குறையே அதன் பலம் என்பது என் கட்சி.

கதை அறுபட்டது உண்மை. யோஷியுகி டோமினோ இயக்கிய ‘மொபைல் சூட் கன்டாம்’ அனிமேஷன் தொடர் 1979 ஏப்ரலில் தொடங்கியது. 52 வாரத்துக்குத் திட்டமிட்ட தொடர் 43 வாரத்தோடு, 1980 ஜனவரியில் முடிக்கப்பட்டது. செலவை ஏற்றவர்கள் குளோவர் என்னும் பொம்மை நிறுவனத்தார். அவர்களுக்கு வேண்டியது சிறு பிள்ளைகள் கையில் வைத்து விளையாடும் பளபளப்பான உலோகப் பொம்மை. தொடரின் நடுவே ரோபோவோடு இணைந்துகொள்ளும் ஒரு விமானம் திடீரென்று முளைத்ததும் பொம்மை வியாபாரத்துக்காகத்தான். பின்னால் திரைப்படமாகத் தொகுத்தபோது அதை நீக்கி வேறொரு விமானத்தை வைத்தார்கள். ஆனால் தொடரில் ஓடிய கதை, இரு தரப்பும் நியாயம் பேசுகிற, தளவாடம் தீர்ந்துபோகிற, சிப்பாய்கள் களைத்துப்போகிற ஒரு போரின் கதை. அதை ஊன்றிப் பார்த்தவர்கள் பதின்வயதினரும் மாணவர்களும். அவர்களுக்கு அந்த உலோகப் பொம்மையால் பயனில்லை. அவர்கள் கேட்டது அளவு பிசகாத மாதிரி உருவம். அதைச் செய்யத் தெரிந்த ஊர் வேறொன்று இருந்தது.

அந்த ஊர் ஷிசுவோகா. மரவேலைக்குப் பேர்போன அவ்வூரில்தான் டாமியா, ஆவோஷிமா முதலிய மாதிரி உருவ நிறுவனங்கள் வளர்ந்தன. டாமியா 1946இல் மரக்கடையாகத் தொடங்கியது. மரத்தாலான மாதிரிகள் பிறகு வந்தன. ஐம்பதுகளின் இறுதியில் ஒட்டிச் சேர்க்கும் அமெரிக்கப் பிளாஸ்டிக் கிட்டுகள் சந்தையில் புகுந்தபோது, ஊர் முழுவதும் மரத்தை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாற வேண்டியதாயிற்று. 1961இல் டாமியா வெளியிட்ட ஜெர்மானிய பேன்தர் டாங்கி அந்த மாற்றத்தில் ஒரு மைல்கல். கன்டாம் கிட்டை வெளியிட்ட பண்டாய் இந்த வட்டாரத்துக்கு வந்தது பின்னால். ‘தண்டர்பேர்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் வாகனக் கிட்டுகளால் கொழித்து, அலை ஓய்ந்ததும் 1969இல் நொடித்துப்போன இமாய் நிறுவனத்தின் ஷிமிசு ஆலையை அது வாங்கியது. ஆக, கன்டாம் கிட் பிறந்தது பொம்மைத் தொழிலுக்குள் அல்ல. டாங்கியையும் போர்க்கப்பலையும் அளவு பிசகாமல் வார்த்துப் பழகிய ஒரு வட்டாரத்தின் கைப்பழக்கத்துக்குள்.

அந்தப் பழக்கத்தின் அடையாளம், பெட்டிமேல் அச்சிட்ட ஒரு பின்னம்: 1/144. கதைப்படி கன்டாமின் உயரம் 18 மீட்டர். அதை 144ஆல் வகுத்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். உலகில் இல்லாத ஒரு பொருளுக்கு ஸ்கேல் குறிப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஸ்கேல் குறித்த கணத்தில் அது பொம்மை என்னும் நிலையிலிருந்து விலகி, எங்கோ இருக்கும் ஒரு பெரிய இயந்திரத்தின் சுருக்கமாகிவிடுகிறது. இந்த எண் வந்த வழி இன்னும் சுவையானது. 300 யென்னுக்குக் கட்டுப்படியாகும் பெட்டிக்குள் எவ்வளவு பெரிய உருவம் அடங்கும் என்று பார்த்ததில் கிடைத்த அளவு, விமான மாதிரிகளில் ஏற்கெனவே புழங்கிய 1/144க்குப் பக்கத்தில் வந்தது. டாமியாவின் பேன்தரும் அப்படித்தான்: மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்று உடலை அமைத்ததில் விழுந்த 1/35, பின்னாளில் உலகெங்கும் டாங்கி மாதிரிகளின் நிலையான அளவாயிற்று. வியாபார நெருக்கடியில் பிறந்த எண்கள் இலக்கணமாகிவிட்டன. ரோபோக்கள் ஒரே அளவில் வந்ததால் ஒன்றின் பக்கத்தில் ஒன்றை நிறுத்தி ஒப்பிட முடிந்தது. கதாநாயகனின் கன்டாமுக்கு ஈடாக, எதிரிப்படையின் சாதாரணச் சிப்பாய் இயந்திரமான சாக்குவும் விரும்பி வாங்கப்பட்டது. ஒரே சாக்குவை மூன்று நான்கு வாங்கி அணியாக நிறுத்துவது டாங்கி சேகரிப்பவரின் புத்தி. பொம்மை வாங்கும் பிள்ளையின் புத்தி அல்ல.

வண்ணம் தீட்டுவதிலும் இதே வழிதான். டாங்கி மாதிரி செய்தவர்கள் கையாண்ட முறைகள் அப்படியே ரோபோவுக்கு இடம்பெயர்ந்தன. தூரிகையில் தோய்த்த வண்ணத்தை முக்கால்வாசியும் துணியில் துடைத்துவிட்டு, மிச்சத்தை விளிம்புகளில் மட்டும் உரசினால், பூச்சு தேய்ந்து இரும்பு தெரிவதுபோல் இருக்கும். நீர்க்கக் கரைத்த கருப்பு எனாமலைப் பள்ளங்களில் ஓடவிட்டு மேற்பரப்பைத் துடைத்தால், எண்ணெய் கசிந்த அழுக்குக் கோடுகள் தங்கும். இரு பாதிகள் சேரும் தழும்பில் பட்டி வைத்து உப்புத்தாளால் தேய்த்தால், ஒரே வார்ப்பாகத் தோன்றும். ‘ஹாபி ஜப்பான்’ இதழ் 1981இல் இதற்கென்றே ஒரு தனி நூல் வெளியிட்டது. திரையில் மாசு மருவற்று, தட்டை வண்ணத்தில் வந்த ரோபோவுக்குத் துருவும் புகைக்கரியும் தழும்பும் தந்தவர்கள், தூரிகை பிடித்த இந்த வாசகர்களே.

கதையைத் தாங்கியது கிட்டுகள்தாம் என்பதை மறுப்பவர்கள் எளிய விளக்கம் ஒன்று தருவார்கள்: 1981, 1982இல் வந்த மூன்று தொகுப்புத் திரைப்படங்கள் ஓடின, அதனால் கிட்டுகள் விற்றன. படங்களின் பங்கை நான் மறுக்கவில்லை. 1981இல் கிட்டுகளுக்காகக் கடை வாசலில் நின்ற வரிசைகளுக்கு அவையும் காரணம். ஆனால் முதல் படத்துக்கு எட்டு மாதம் முன்பே, தொடர் முடிந்து ஆறு மாதம் ஆன நிலையில், கிட் சந்தைக்கு வந்துவிட்டது. அதைவிட வலுவான சான்று 1983இல் கிடைக்கிறது. மூன்றாவது படம் வந்து ஓராண்டு கழிந்திருந்தது. புதிய தொடர் 1985இல்தான் வரவிருந்தது. அந்த இடைவெளியில் ‘மொபைல் சூட் வேரியேஷன்’ என்ற வரிசையைப் பண்டாய் வெளியிட்டது. பாலைவனத்துக்கு ஒன்று, நீருக்கடியில் போரிட ஒன்று என்று, திரையில் தோன்றாத இயந்திரங்கள் அவை. மாதிரி செய்தவர்களும் பத்திரிகைகளும் சேர்ந்து கற்பனை செய்து வளர்த்த ஒரு போர் வரலாற்றிலிருந்து எழுந்த வடிவங்கள். படமே விற்றது என்றால், படத்தில் இல்லாதவற்றை யார் வாங்கினார்கள்? பிறர் வரைந்ததை ஒட்டுவது படைப்பாகாது என்பவர்களுக்கும் இதுவே என் பதில். கட்டியவர்களின் கற்பனை திரும்பிச் சென்று கதையின் ஏடுகளில் இடம் பிடித்தது.

இன்னொரு மறுப்புக்குக் கனம் அதிகம். 1990இல் வந்த ‘ஹை கிரேட்’ வரிசைக்குப் பசை தேவையில்லை. உறுப்புகள் அழுத்தினால் பொருந்திக்கொள்கின்றன, வண்ணமும் வார்ப்பிலேயே பிரிந்து வருகிறது. 1995இன் ‘மாஸ்டர் கிரேட்’ இன்னும் நுட்பமானது. தீட்டாமலே அழகாக நிற்கும் ரோபோக்களையும் மக்கள் வாங்கிக் குவிக்கிறார்கள் என்றால், குறையே பலம் என்ற வாதம் என்னாவது? இங்கே நான் ஓரளவு இறங்கி வரத்தான் வேண்டும். நிப்பர் என்னும் வெட்டுக்குறடால் வெட்டிப் பொருத்துவதோடு நிறைவடைபவர்கள் பெருந்தொகையினர். அவர்கள் இல்லாமல் இந்தத் தொழில் இந்த அளவு பெருகியிருக்காது. ஆனால் அந்த எளிமை, தீட்டுபவர்கள் கூட்டத்தைக் கலைத்துவிடவில்லை. வெட்டிய இடத்தில் வெளுத்த தழும்பு இருக்கிறது; பிளாஸ்டிக்கின் மினுமினுப்பு இருக்கிறது; அதைக் கொல்ல மினுக்கமற்ற மேட் பூச்சு அடிப்பதில் தொடங்கி ஒருவர் மெல்ல மெல்ல ஏர்பிரஷ் வரை வந்துவிடுகிறார். ஷிசுவோகாவில் மே மாதந்தோறும் நடக்கும் பொழுதுபோக்குக் கண்காட்சியில், மாதிரிக் குழுக்கள் தங்கள் டாங்கிகளையும் ரோபோக்களையும் ஒரே கூரையின்கீழ் பரப்புகின்றன. 1980இன் வெள்ளைக் கன்டாமும் மறுவெளியீடுகளாகக் கடைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. சரியாக மடங்காத அதன் கால்களை அறுத்து, இடுப்பில் புது மூட்டு வைத்து, பட்டி பார்த்து, தேய்த்து, தீட்டுவதற்காகவே அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.