பழைய தோட்டப் படமும் கைப்பேசிக் கணக்கும்

வரலாற்று ஒப்படைப்புக்காக ரந்தாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களில் பழைய படம் கேட்டுப் போகும் மாணவர்களே, சில வீடுகளில் ஒரே ஒரு படம்தான் இருக்கும். அதிலுள்ளவர் 1942, 43இல் சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவராகவும் இருக்கலாம். நாம் அதைக் கைப்பேசியில் எடுத்து, உடனே 'தெளிவாக்கு' என்று தட்டிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்க.

படத்தோடு கணக்கு சேர்வது தப்பில்லை. ரஷ்யாவின் புரோகுடின் கோர்ஸ்கி, 1909 முதல் 1915 வரை ஊர் ஊராகப் போய், ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக மூன்று முறை எடுத்தார். அந்தக் கறுப்பு வெள்ளைப் பதிவுகளைக் கணினி ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினால் வண்ணப்படம் கிடைக்கிறது. சில பல்கலைக்கழகங்களில் இத்துறை மாணவர்களுக்கு இதுதான் முதல் பயிற்சி. நம் நாட்டில் பிறந்த ரென் இங், 2006இல் ஸ்டான்ஃபோர்டில் முடித்த ஆய்வில், எடுத்த பிறகும் படத்தின் குவியத்தை மாற்ற வழி காட்டினார். ஒளி வந்த திசையையும் அவருடைய கேமரா பதிந்துகொண்டது.

கவனிங்க, இரண்டிலும் தேவையான தகவல் எடுக்கும்போதே பதிவாகிவிட்டது. மங்கிய தோட்டப் படத்தில் அது கிடையாது. அதனால் செயலி, தான் பயின்ற வேறு முகங்களை வைத்து ஊகித்து நிரப்புகிறது. என் மாணவி ஒருத்தி கொண்டுவந்த படத்தில் பூட்டனார் நெற்றியில் விபூதியே இல்லை! கறை என்று செயலி துடைத்திருந்தது. நல்லவேளை, மூலப்படம் வீட்டில் இருந்தது.

முதலில் திருத்தாமல் ஸ்கேன் செய்யுங்க. பின்பக்க எழுத்தையும் ஸ்டூடியோ முத்திரையையும் விடாதீங்க. திருத்திய படத்தை ஒட்டினால் கீழே 'செயலி திருத்தியது' என்று எழுதணும்.