கூப்பிட்டால் வருவது யார்?

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா கூடவே போலீஸும் வருமா? போதை மருந்து விஷயத்துல ஒரு உயிர் தங்குறதும் போறதும் பல நேரம் இந்த ஒரு கேள்வியிலதாங்க இருக்கு. நான் படிச்ச வரைக்கும் இதுக்கு 60 வருஷக் கதை இருக்கு.

அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் நகரத்துல 1960-கள் வரைக்கும் நோயாளியைத் தூக்கிட்டுப் போனது போலீஸ் வேன்தான். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதியில அந்த வேனைக் கூப்பிடவே தயங்குவாங்க. டாக்டர் பீட்டர் சாஃபர் அதே பகுதி ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க, 1967-ல 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் பிறந்தது. இன்னைக்கு இருக்கிற பாராமெடிக்குகளுக்கு அவங்கதான் முன்னோடி.

ஹெராயின் மாதிரி ஓபியம் வகை மருந்து அளவு மிஞ்சினா மூச்சு அடங்கிப் போய்த்தான் ஆள் சாகறாங்க. அதை முறிக்கிற மருந்து நலாக்ஸோன். ஜாக் ஃபிஷ்மனும் மோசஸ் லூவென்ஸ்டைனும் 1961-ல அதுக்குக் காப்புரிமை கேட்டாங்க. 1971-ல அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. போட்ட சில நிமிஷத்துல மூச்சு திரும்பும். ஆம்புலன்ஸ் பெட்டியிலயும் இடம் பிடிச்சது.

ஆனா வண்டியை யாருமே கூப்பிடலைன்னா பெட்டியில இருந்து என்ன பிரயோஜனம்? கூட இருந்த நண்பனுக்கு ஜெயில் பயம். மூஞ்சியில தண்ணி தெளிச்சுப் பார்த்துட்டு ஓடிடுவான். ஃபிஷ்மன் குடும்பத்தையே இந்தச் சாவு விடலை. அவர் மனைவியோட மகன் 2003-ல ஹெராயினால இறந்துபோனார்.

சிகாகோவுல 1996-லயே ஒரு தொண்டு அமைப்பு, பழக்கம் உள்ளவங்க கையிலயே நலாக்ஸோனைக் கொடுக்க ஆரம்பிச்சது. 2007-ல நியூ மெக்ஸிகோவும் 2017-ல கனடாவும், உதவிக்குக் கூப்பிட்டவர் மேல போதைப்பொருள் வச்சிருந்த வழக்கு கிடையாதுன்னு சட்டம் போட்டுச்சு.

நம்ம நாட்டுக்கு வருவோம். 108 சேவை 2005-ல ஹைதராபாத்துல தொடங்கிச்சு. சாலை விபத்துல உதவுறவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு 2016-ல உச்ச நீதிமன்றம் சொன்னது, 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துலயும் ஏறிடுச்சு. ஆனா 1985 போதைப்பொருள் சட்டத்துல உபயோகிச்சாலே தண்டனை. பழக்கத்தை விடத் தானா சிகிச்சைக்குப் போறவங்களுக்கு விலக்கு உண்டு. நண்பனுக்காக ஃபோன் பண்றவனுக்கு அப்படி ஒண்ணும் இல்லை.

ஊரை விட்டு வந்த நம்ம பிள்ளைங்க இன்னொரு ஊர்ல ஹாஸ்டல்ல இருக்காங்க. அவசரத்துக்குப் பக்கத்துல இருக்கப் போறது ரூம்மேட்தான். அதனால 'தொடாதே'ன்னு சொல்றதோட நான் நிறுத்தலை. மூச்சு தடுமாறி ஒருத்தன் கிடந்தா ஒருக்களிச்சுப் படுக்க வை, 108-ஐக் கூப்பிடு, என்ன எடுத்தான்னு மறைக்காமச் சொல்லு, தனியா விட்டுட்டுப் போகாதே. நலாக்ஸோன் வேகம் குறைஞ்சதும் மூச்சு மறுபடி அடங்கலாம், அதனால எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.

போலீஸ் விஷயத்தை அம்மாவும் அப்பாவும் பார்த்துக்கறோம்னும் சொல்லியிருக்கேன். நீங்களும் சொல்லி வைங்க.