நிரந்தர வாயுக்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியல் சில வாயுக்களுக்கு ‘நிரந்தர வாயு’ என்று பெயர் வைத்திருந்தது. 1823இல் ஃபாரடே குளோரினைத் திரவமாக்கினார். பிறகு பல வாயுக்கள் வரிசையாகப் பணிந்தன. ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் போன்ற சில மட்டும் எவ்வளவு அழுத்தியும் மசியவில்லை. அது அவற்றின் சுபாவம் என்று எழுதிவைத்தார்கள்.

1869இல் பெல்ஃபாஸ்ட்டில் தாமஸ் ஆண்ட்ரூஸ் இந்தச் ‘சுபாவ’த்தை உடைத்தார். கரியமில வாயுவை ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்து எவ்வளவு நசுக்கினாலும் திரவமாகாது. அதற்குக் கீழே ஆகும். அந்த எல்லையில் திரவத்துக்கும் ஆவிக்கும் நடுவிலுள்ள கோடே அழிந்துபோகிறது. அதுதான் மாறுநிலைப் புள்ளி. ஆக்சிஜனுக்கு அது மைனஸ் 118 டிகிரி, ஹைட்ரஜனுக்கு மைனஸ் 240. ஆக, ‘நிரந்தரம்’ என்பது வாயுவின் குணமல்ல, அளந்தவர்களிடம் போதுமான குளிர் இல்லை என்பதுதான். 1898இல் ஹைட்ரஜனும் திரவமாயிற்று. தன் இயலாமையை எதிரில் இருப்பவரின் பிறவிக்குணமாக எழுதிவைக்கிற வேலை நமக்கொன்றும் புதுசில்லையே.

1880இல் வான் டெர் வால்ஸ் இன்னும் ஒரு படி போனார். ஒரு வாயுவின் அழுத்தம், வெப்பநிலை, கன அளவு மூன்றையும் அதனதன் மாறுநிலை மதிப்பால் வகுத்தால் கிடைப்பவை குறைக்கப்பட்ட அளவுகள். அவற்றில் எழுதினால் எல்லா வாயுக்களும் ஒரே சமன்பாட்டில் அடங்கும் என்றார். பொதுமை என்றாலே சந்தேகப்படுகிற நாம் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே அளவுகோல் வெளியிலிருந்து வரவில்லை; ஒவ்வொன்றும் தன் எல்லையாலேயே அளக்கப்படுகிறது.

அப்படியும் பொதுமை முழுசாகக் கைகூடவில்லை. அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி, வாயு மாறிலியாலும் வெப்பநிலையாலும் வகுத்தால், மாறுநிலைப் புள்ளியில் எல்லா வாயுவுக்கும் 0.375 வரவேண்டும் என்கிறது சமன்பாடு. ஆர்கானுக்கு வருவது 0.29, கரியமில வாயுவுக்கு 0.27, தண்ணீருக்கு 0.23. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால் தண்ணீர் ரொம்பவே விலகிப்போகிறது. பாய்லர் கட்டுகிறவர்கள் பொதுவிதியை நம்பி உட்காரவில்லை. நீராவியைப் புள்ளி புள்ளியாக அளந்தார்கள். 1929இல் லண்டனில் நீராவி அட்டவணைக்கென்றே சர்வதேச மாநாடு கூடியது.

பண்ருட்டியிலிருந்து முந்திரிக்காடுகளுக்கு நடுவே காடாம்புலியூரைத் தாண்டிப் போனால் நெய்வேலி. 1962இல் சோவியத் உதவியுடன் முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடத் தொடங்கியது. தண்ணீரின் மாறுநிலை 374 டிகிரி, 221 பார். நெய்வேலி பாய்லர்களில் நீராவியின் வெப்பம் 500 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் மட்டும் 221க்குக் கீழேயே நிற்கும். அதனால்தான் தண்ணீரையும் ஆவியையும் பிரிக்க அங்கே டிரம் வேண்டியிருக்கிறது. அதே நிறுவனம் உத்தரப்பிரதேசத்தில் காட்டம்பூரில் கட்டிய 660 மெகாவாட் யூனிட்டுகள் அந்த அழுத்தத்தையும் தாண்டுகின்றன. அங்கே பிரிக்க எதுவுமில்லை, டிரம்மும் இல்லை.

2020 மே 7, ஜூலை 1 ஆகிய இரண்டு நாட்களிலும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் விபத்து நடந்தது. ஜூலையில் அன்றைக்கே ஆறு பேர் செத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரியிலும் பலர். செத்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

நீராவிக்கு டிகிரிக்கு டிகிரி அட்டவணை இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு இருந்தவை இரண்டே சொற்கள்: பர்மனென்ட், காண்ட்ராக்ட். எத்தனை வருஷம் உழைத்தாலும் ஒருவர் காண்ட்ராக்ட்டாகவே இருப்பது அவருடைய சுபாவமா? அளக்கிற கை யாருடையது என்பதைத்தான் கேட்க வேண்டும்.