அறிவும் சீதனமும்: ஒரு சொல்லின் வேர்

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழில் சொற்களின் வேரைத் தோண்டி வரலாறு எழுதினார். அவர் கண்ட வேர்கள் எல்லாவற்றையும் மொழியியல் ஏற்பதில்லை. ஆனால், ஒரு சொல் யாருக்காக உழைக்கிறது என்று கேட்கும் அவருடைய பழக்கம் நம்முடையது. உவரிக்கு இது புதிதல்ல. உவர் நீரே இவ்வூரின் பெயர்; உவரி என்றால் கடல் என்று நிகண்டுகளும் சொல்லும்.

ஒரு பிரெஞ்சுச் சொல்லைத் தோண்டுவோம். பிறவி அறிவாளி எனப்படும் குழந்தையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'சுர்துவே' என்பார்கள். கனடாவின் கியூபெக்கில் அத்தன்மைக்குப் பெயர் 'துவான்ஸ்'. இரண்டுக்கும் அடிச்சொல் 'துவே': கொடுக்கப்பட்டவர். அது 'தோத்தாரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதற்கும் மூலம் 'தோஸ்', அதாவது மணப்பெண்ணுடன் அனுப்பும் சீதனம். ஆங்கிலத்தின் 'டவுரி'யும் இவ்வேரில் முளைத்ததே.

சீதனம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு வீட்டில் சேர்ந்த சொத்து, கைமாறி வருகிறது. அறிவைக் குறிக்க வந்தபோதோ, கொடுத்த வீடு மறைந்தது. இயற்கை கொடுத்ததாக ஆனது.

நம் நாட்டில் இந்த வேலையைத் 'தகுதி' என்ற சொல் செய்கிறது. 'தகு' என்றால் பொருந்து. எதற்குப் பொருந்த வேண்டும், அளவுகோல் யார் கையில் என்பதைச் சொல் சொல்லாது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை அதைக் கேட்டது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடங்களுக்கு 2 இடம் ஆதிதிராவிடர்க்கு, 2 பிராமணர்க்கு என்று அது பங்கிட்டது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. தமிழகம் கொதித்தது. அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராயிருந்த அவ்வாண்டே, முதல் திருத்தம் 15(4) பிரிவைச் சேர்த்தது.

அந்தச் சண்டை முடியவில்லை. நுழைவுத்தேர்வின் மதிப்பெண்ணைப் பிறவித் திறமை என்கிறார்கள். பயிற்சிக்குக் கட்டிய பணம், படித்த பெற்றோர், வீட்டில் இருந்த புத்தகம், ஓய்வாகப் படிக்கக் கிடைத்த நேரம் ஆகியவை அந்த எண்ணில் தெரிவதில்லை. அவையே சீதனம்.

இடஒதுக்கீட்டைச் சலுகை என்போருக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: உங்கள் தகுதிக்கும் ஒரு கொடுத்த வீடு உண்டு. அதன் கணக்கை முதலில் காட்டுங்கள்.