உலகைச் சுற்றிவந்த உபாத்தியாயர்கள்

பூமிசாத்திரம் கற்பிக்கும் ஆசிரியர் நைல் நதியின் நீளத்தைப் புத்தகத்திற் பார்த்துச் சொல்லிவிடலாம். அந்நதிக் கரையிலே நீரிறைக்கும் உழவனின் முகம் எத்தகையது, அவன் தன் பிள்ளைக்கு என்ன ஊட்டுகிறான் என்று மாணவன் கேட்டால், நேரிற் சென்று கண்டவர் அல்லாத ஒருவர் யாது கூறுவார்? இக்குறையை நீக்குவதற்கு ஆசிரியர்களையே உலகஞ் சுற்றிவர அனுப்பவேண்டும் எனச் செல்வர் ஒருவர் எண்ணினார். எண்ணியதோடு அமையாது, தம் பொருளையும் அதற்கென ஒதுக்கினார். அவர் பெயர் அல்பேர் கான். அவர் செய்த முயற்சியும், அது பெற்ற வெற்றியும், அடைந்த தோல்வியும் கல்வி வரலாற்றிலே சிந்திக்கத்தக்க ஓர் அத்தியாயமாகும்.

அல்பேர் கான் 1860ஆம் ஆண்டில், பிரான்சின் கீழெல்லையிலுள்ள அல்சாஸ் மாகாணத்து மார்மூத்தியே என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் கால்நடை வியாபாரம் செய்த யூதர். மகனுக்குப் பத்து வயதாயிருக்கையில் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. 1871இல் பிரான்ஸ் தோற்றது. அல்சாஸ் யேர்மனியின் உடைமையாயிற்று. வீட்டு வாசலிலேயே நாட்டின் எல்லை இடம் மாறியதை அச்சிறுவன் கண்டான். பதினாறாம் வயதிலே பிழைப்புத் தேடிப் பாரிஸ் நகரஞ் சென்று, பின்னர் ஒரு வங்கியிலே எழுதுவினைஞராய் அமர்ந்தார்.

பகலிலே கணக்கெழுதிய அவ்விளைஞர், ஓய்வு நேரத்திலே பரீட்சைக்குப் படித்தார். பாடஞ் சொல்லித்தர அவருக்கு வாய்த்தவர் அவரினும் சில மாதங்களே மூத்த ஒரு மாணவர். உயர் ஆசிரியர் கலாசாலையிலே பயின்றுகொண்டிருந்தவர். பிற்காலத்தில் மெய்யியற் பேரறிஞராய் விளங்கி, 1927ஆம் ஆண்டுக்குரிய இலக்கிய நொபெல் பரிசைப் பெற்ற ஹென்றி பெர்க்சனே அவர். மாணவராய்த் தொடங்கிய கான் வாழ்நாள் முழுவதும் அவருக்கு நண்பராயிருந்தார். தென்னாபிரிக்காவின் வைர, தங்கச் சுரங்கப் பங்குகளிலே முதலிட்டுப் பெருஞ்செல்வம் ஈட்டியபோதும், ஆசிரியர் ஒருவர் ஒரு மனிதனை எங்ஙனம் மாற்றமுடியும் என்பதைக் கான் மறந்தாரல்லர்.

1898ஆம் ஆண்டில் அவர் சொந்தமாக வங்கி நிறுவினார். அதே ஆண்டில், பாரிஸ் சர்வகலாசாலையிடம் ஒரு நிதியை ஒப்படைத்தார். கொடுத்தவர் பெயர் தொடக்கத்தில் வெளியிடப்படவில்லை. உயர்தரப் பாடசாலைகளிற் கற்பிக்கும் தகுதிக்கென அந்நாட்டிலே நடாத்தப்படும் மிகக் கடினமான போட்டிப் பரீட்சையிலே தேறிய இளம் ஆசிரியர் சிலரை ஆண்டுதோறும் தெரிந்தெடுத்து, உலகஞ் சுற்றிவர அனுப்புவதே அந்நிதியின் நோக்கம். ‘உலகைச் சுற்றி’ என்பதே அப்புலமைப்பரிசிலின் பெயராயிற்று. ஓராண்டுக்கும் மேற்பட்ட பயணம். கப்பற் செலவும் உணவுச் செலவும் தங்குஞ் செலவும் நிதியைச் சார்ந்தன.

இதிலே வியக்கத்தக்கது யாதெனின், அவர் விதித்த நிபந்தனை மிகச் சிறிது என்பதே. பட்டம் பெறவேண்டும், ஆராய்ச்சி செய்யவேண்டும், பெருநூல் எழுதவேண்டும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருக்கவேண்டும்; பிற மக்களோடு பழகவேண்டும்; திரும்பிவந்து கற்பிக்கவேண்டும். இவையே அவர் வேண்டியவை. வியாபாரி ஒருவனை அனுப்பினால் அவன் கண்டது அவன் கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடும். அரச தூதன் ஒருவனை அனுப்பினால் அவன் கண்டது அமைச்சரின் மேசையோடு நின்றுவிடும். ஆசிரியன் கண்டதோ, முப்பது ஆண்டுகள் அவன் முன் வந்தமரும் பிள்ளைகள் அனைவரையுஞ் சென்றடையும். பணத்தைப் பெருக்கும் வழி தெரிந்த கான், அனுபவத்தைப் பெருக்கும் வழியும் இதுவே எனக் கண்டார் போலும்.

1905ஆம் ஆண்டு முதல் பெண் ஆசிரியர்களுக்கும் இப்புலமைப்பரிசில் வழங்கப்பட்டது. பிரான்சிலே பெண்களுக்கான அரசாங்க உயர்தரப் பாடசாலைகளை ஏற்படுத்திய சட்டம் 1880இலேயே நிறைவேறியது என்பதை நோக்கும்போது, கால்நூற்றாண்டுக்குள் அப்பாடசாலைகளின் ஆசிரியைகள் கடல்கடந்து சென்றமை சிறு செய்தியன்று. பின்னர் யப்பான், யேர்மனி, பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் கல்வியாளர்க்கும் இத்தகைய நிதிகள் ஏற்பட்டன. பயணஞ் செய்து மீண்டோர் ஒன்றுகூடி அளவளாவுதற்கென 1906இல் பாரிசையடுத்த புலோன் நகரிலே ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. அங்கே கானின் தோட்டத்திலே யப்பானியப் பூங்காவும், ஆங்கிலப் பூங்காவும், அவர் பிறந்த மண்ணை நினைவூட்டும் மலைக்காடும் அருகருகே வளர்ந்தன. 1909 தொடங்கி அவர் பல நாடுகளுக்கும் படப்பிடிப்பாளரை அனுப்பி, ஏறத்தாழ 72,000 வர்ணக் கண்ணாடித் தகட்டுப் படங்களைச் சேர்த்தார். அவ்வேலையை மேற்பார்வை செய்தவரும் ஓர் ஆசிரியரே. மானிடப் புவியியலறிஞர் ழான் புரூன் என்பவர்.

சென்றவர்கள் எதைக் கண்டனர்? பெலிசியன் ஷலாயே என்பவர் மெய்யியல் கற்பிக்குந் தகுதி பெற்ற இளைஞர். 1899இல் புறப்பட்டு 1901 வரையிலே ஆசிய நாடுகள் பலவற்றைச் சுற்றிவந்தார். தம் நாடு கீழைத்தேசங்களுக்கு நாகரிகத்தைக் கொண்டுசெல்கிறது என்று அக்காலப் பாடசாலைகளிலே கற்பித்தனர். இந்தோசீனாவிலே அவர் நேரிற் கண்டதோ, ஆள்வோர் அந்நாட்டு மக்களை இழிவாக நடாத்திய முறையை. 1905இல், பிரெஞ்சுக் கொங்கோவிலே நிகழ்ந்த கொடுமைகளை விசாரிக்கப் பிராசா என்பவரின் தலைமையிலே அரசாங்கம் ஒரு குழுவை அனுப்பியபோது, ஷலாயே பாரிஸ் நாளிதழொன்றின் நிருபராக உடன் சென்றார். இறப்பர் சேகரிக்கவும் வரி கொடுக்கவும் ஆண்களைப் பணியவைக்கும் பொருட்டு, அவர்தம் பெண்களையும் குழந்தைகளையும் பிணையாக அடைத்துவைத்ததும், அவர்களிற் பலர் பட்டினியால் மாண்டதும் அப்பொழுது வெளிவந்தன. பிராசா திரும்பும் வழியிலே இறந்தார். விசாரணை அறிக்கையை அரசாங்கம் வெளியிடாது மறைத்தது. அது அச்சேறியது 2014ஆம் ஆண்டிலேதான். ஆனால் ஷலாயே மறைக்கவில்லை, கண்டதை எழுதினார், பேசினார்.

பிரித்தானியாவின் நிதியிற் சென்றவர்களுள் ஒருவர், கேம்பிரிட்ஜிலே கற்பித்த லோவஸ் டிக்கின்சன். 1912இலும் 1913இலும் இந்தியா, சீனா, யப்பான் ஆகிய நாடுகளைப் பார்த்தார். இந்தியாவுக்கு அவருடன் கப்பலேறிய நண்பர்களுள் நாவலாசிரியர் ஈ. எம். போஸ்ரரும் ஒருவர். சீன மக்களிடத்தே டிக்கின்சனின் உள்ளம் எளிதில் ஒன்றியது, இந்தியாவிலோ ஒன்றவில்லை. இந்தியா ஒருபுறமும் உலகின் ஏனைய பாகங்கள் ஒருபுறமுமாக நிற்கின்றன என்னுங் கருத்தைத் தம் அறிக்கையிலே எழுதினார். பல கோடி மக்களின் வாழ்வைச் சில மாதப் பழக்கங் கொண்டு அளந்துவிடலாமா என்று இந்நாட்களிற் படிப்போர் வினவுவர். கண் திறந்திருந்தாலும், அதில் விழுவதெல்லாம் உண்மையின் முழு உருவம் ஆகிவிடாது. புலமைப்பரிசில் கப்பற் சீட்டை வாங்கிக் கொடுக்கும். பொறுமையை வாங்கிக் கொடுக்காது.

1914இலே மகாயுத்தம் மூண்டது. கானின் நிதியிலே பயன்பெற்ற பிரெஞ்சுக்காரரின் நாடும் யேர்மானியரின் நாடும் எதிரெதிர் அகழிகளில் நின்றன. ஒருவரையொருவர் அறிந்தால் பகை ஒழியும் என நம்பியவர்க்கு இதனிலும் பெரிய அடி வேறில்லை. ஆயினும் அவர்கள் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. போர் தொடங்கிய சின்னாட்களிலேயே, நாடுகள் யாவும் சேர்ந்து அமைதி காக்கும் ஒரு சங்கத்துக்குத் திட்டம் வரைந்தவர்களுள் டிக்கின்சன் ஒருவர். அச்சர்வதேச சங்கம் 1920இலே தொடங்கியது. 1922இல் அது அமைத்த அறிவுத்துறை ஒத்துழைப்புக் குழுவுக்கு முதற் றலைவராயிருந்தவர் கானின் பழைய ஆசிரியர் பெர்க்சனே. இன்றைய யுனெஸ்கோவின் முன்னோடியாக அக்குழுவைக் கொள்வர்.

1929இலே நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து கானின் செல்வமும் கரைந்தது. புலமைப்பரிசில் நின்றது; படப்பிடிப்பும் நின்றது. கடனுக்காக அவர் உடைமைகள் பறிபோயின. தோட்டத்தை 1936இல் அப்பகுதி நிருவாகம் வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஒருகாலத்திலே தமக்குரியதாயிருந்த அவ்வளவிலே, பிறர் அனுமதியோடு முதியவர் வாழ்ந்தார். 1940இலே பாரிஸ் யேர்மன் படையின் வசமாயிற்று. யூதர்களின் உரிமைகளைப் பறிக்குஞ் சட்டம் ஒக்ரோபரில் வந்தது. நவம்பர் 14ஆம் நாள் கான் காலமானார். ஏழு வாரங்கழித்து, 1941 சனவரி 4ஆம் நாள், அவருக்குப் பாடஞ் சொல்லித்தந்த பெர்க்சனும் மறைந்தார்.

ஷலாயேயின் பிற்காலமும் இங்கே சொல்லப்படவேண்டியதே. போரை எவ்வகையிலும் வெறுத்த அவர், அமைதிக்காக எதையும் விட்டுக்கொடுக்கலாம் என்னும் நிலைக்குச் சென்றார். படையெடுத்துவந்தோர் பிரான்சை ஆண்ட காலத்தில், அவர்களோடு ஒத்துழைத்தோரின் பத்திரிகைகளிலே எழுதினார். கொங்கோவிலே அடைக்கப்பட்டோரின் துயரை எழுதிய அதே கை அது. ஒருமுறை உலகஞ் சுற்றியதனால் ஒருவன் பார்வை என்றும் தெளிந்திருக்கும் என்பது இல்லை. அப்பார்வையை நாள்தோறும் துடைத்து வைத்திருத்தல் வேண்டும்.

கானின் எண்ணம் அவரோடு அழிந்துவிடவில்லை. 1946இலே அமெரிக்காவில் புல்பிறைற் சட்டம் நிறைவேறியது. போர் முடிந்தபின் வெளிநாடுகளில் எஞ்சிக் கிடந்த இராணுவப் பொருள்களை விற்ற பணம், ஆசிரியரும் மாணவரும் நாடுவிட்டு நாடு சென்று கற்கவும் கற்பிக்கவும் பயன்பட்டது. இலங்கையும் 1952இலே அத்திட்டத்தில் ஒப்பமிட்டது. இக்காலத்தில் அரசாங்கங்களும் அறநிலையங்களும் ஆசிரியரைப் பிறநாடுகளுக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அனுப்புவோர் விண்ணப்பங்களையும் அறிக்கைகளையும் சான்றிதழ்களையும் கேட்கின்றனர். அவையும் வேண்டியவையே. ஆனால் கான் கேட்ட கேள்வி அவற்றுள் அடங்கிவிடவில்லை.

சென்று வந்த ஆசிரியர் வகுப்பிலே நுழைகிறார். பெட்டியிலே கொண்டுவந்த படங்களும் பரிசுகளும் சில நாளிலே பழையனவாகிவிடும். அதன்பின் ஒரு நாள், பாடத்தின் நடுவிலே, வேற்று நாட்டவரை இழித்துரைக்கும் ஒரு சொல் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வெளிப்படும். அப்பொழுது, ‘அவர்களை நான் கண்டிருக்கிறேன், அவர்கள் வீட்டிலே உண்டிருக்கிறேன், நீ சொல்வது சரியன்று’ என்று அமைதியாகக் கூற அவ்வாசிரியருக்கு இயலுமாயின், அவர் பயணத்துக்குச் செலவான பொருள் வீண்போகவில்லை. அல்பேர் கான் தம் செல்வத்தை இழந்தார்; அவர் எதிர்பார்த்திருந்த பயன் இதுவே.