ஆலை மூடியும் நிற்காத வேலை: ராணிப்பேட்டை குரோமேட்டின் கதை

1/ ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஆலை மூடி 25 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா அதன் கழிவுக் குவியல் பக்கம் நிலத்தடி நீர் மஞ்சளா மாறிடுச்சு. ஏன்னு புரிய பள்ளிக்கூட வேதியியல் போதும்.

2/ தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின்சுமை. இதுதான் முனைவுள்ள மூலக்கூறு. மின்சுமை உள்ள பல உப்புகளை இழுத்துப் பிரித்துக் கரைச்சிடும். எண்ணெய் முனைவற்றது, அதனால தண்ணியோட சேராது.

3/ நம்ம ஊர்ல முன்பு ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டாங்க. வாரக்கணக்கில் ஆகும். 1884-இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வேலை ஓரிரு நாளில் முடிந்தது. சென்னை குரோம்பேட்டையின் பேரே அங்கிருந்த குரோம் தோல் ஆலையால் வந்ததுதான்.

4/ 1970-களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. முழுசா பதனிட குரோமியம் உப்பு தேவை. அந்தப் பத்தாண்டின் நடுவில் ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் வந்தது.

5/ செய்முறை இதுதான்: குரோமைட் தாதுவை சோடா உப்போட சூளையில் வறுத்து, தண்ணீர் விட்டு குரோமேட்டைக் கரைச்சு எடுப்பாங்க. முழுசா வராது. மிச்சம் கழிவிலேயே தங்கும்.

6/ 1990-களின் நடுவில் ஆலை மூடியது. லட்சம் டன்னுக்கு மேல கழிவு அங்கேயே நின்றது. ஆலை தொட்டியில் செய்ததை அப்புறம் மழை செஞ்சது. ஒவ்வொரு மழையும் கொஞ்சம் குரோமேட்டைக் கரைச்சு மண்ணுக்குள் இறக்கியது.

7/ இனி என் துறை. நம் செல்லின் உறை கொழுப்பாலானது, அதன் நடுப்பகுதி முனைவற்றது. மின்சுமை உள்ள குரோமேட் நேரா நுழைய முடியாது. ஆனா அதன் வடிவம் சல்பேட் மாதிரி. சல்பேட்டுக்கான வாசல் வழியே உள்ளே போய் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். குரோமேட் தூசியை வருஷக்கணக்கில் சுவாசிக்கும் தொழிலாளருக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை, தோல் புண், நுரையீரல் புற்றுநோய் வரலாம்.

8/ அப்போ தோல் செருப்பு ஆபத்தா? பதம் செய்யப் பயன்படுவது மூன்று இணைதிற குரோமியம். அது செல்லுக்குள் எளிதில் போகாது. குரோமேட் ஆறு இணைதிறன் கொண்டது. இரண்டையும் குழப்பிக்காதீங்க.

9/ 28 ஆகஸ்ட் 1996. பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: மாசுபடுத்தியவரே செலவை ஏற்கணும். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் முக்கியமான தீர்ப்பு இது. ஆனா மழை தீர்ப்புக்காகக் காத்திருக்காது. குவியல் திறந்து கிடக்கும் ஒவ்வொரு வருஷமும் கிணறுகளுக்கு நஷ்டம்தான்.

10/ அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு: தண்ணியைக் கொதிக்க வெச்சா கிருமி சாகும், குரோமேட் போகாது. நீர் ஆவியாகி அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். தெளிவா இருக்குன்னும் நம்பாதீங்க. குறைந்த அளவில் மஞ்சள் நிறம் தெரியாது. கிணற்று நீரைப் பரிசோதிக்கும்போது ஆறு இணைதிற குரோமியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க.