கையால் போட்டால் மஞ்சள், கையால் தடுத்தால் சிவப்பு

கொல்கத்தாவுக்கு வந்த இரண்டாம் வருடம், அலுவலகக் கால்பந்துப் போட்டிக்கு என்னை ரெஃப்ரி ஆக்கினார்கள். விதி தெரியும் என்பதால் அல்ல. ஆபீஸில் பாதிப் பேர் மோகன் பகான், மீதிப் பேர் ஈஸ்ட் பெங்கால். இரண்டிலும் சேராத ஒரே ஜீவன் நான்தான். கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்த திருநெல்வேலிக்காரன் கையில் விசிலும் அட்டைகளும் கிடைத்தால் என்ன ஆகும்? பந்தைக் கையால் கோலுக்குள் தட்டிவிட்ட ஒரு பையனுக்கு நேராகச் சிவப்பு அட்டையைக் காட்டிவிட்டேன். ஓர் ஆள் குறைந்த அவன் அணி தோற்றது. அக்கவுண்ட்ஸ் தாதா (இங்கே அண்ணன்கள் எல்லாரும் தாதாதான்) பிறகு மெதுவாகச் சொன்னார்: "மஞ்சளே போதுமே!"

ஏமாற்றியவனுக்கு வெறும் மஞ்சளா? எனக்குக் கோபம்தான் வந்தது. அன்றிரவு உட்கார்ந்து தேடினேன்.

அட்டைகளே அப்படியொன்றும் பழையவை அல்ல. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து - அர்ஜென்டினா ஆட்டத்தில் யாரை எச்சரித்தார்கள் என்பதே குழப்பமாகிப் போனது. கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவர் டிராஃபிக் சிக்னலைப் பார்த்து இந்த நிறங்களை யோசித்தார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன.

1978இல் போலந்துக்கு எதிராக, கோலுக்குள் போக இருந்த பந்தை அர்ஜென்டினாவின் மரியோ கெம்பெஸ் கையால் தடுத்தார். போலந்துக்குப் பெனால்டி கிடைத்தது; கோல்கீப்பர் ஃபிலோல் பிடித்துவிட்டார். கெம்பெஸ் வெளியேற்றப்படவில்லை. அன்றைய இரண்டு கோல்களும் அவருடையவை, இரண்டாவது அந்தக் கைக்குப் பிறகு! இப்படித் தடுத்தால் சிவப்பு என்று விதி உறுதியானது 1990களின் தொடக்கத்தில்தான்.

1986 ஜூன் 22, மெக்சிகோ சிட்டி. 51ஆவது நிமிடத்தில் மரடோனா கையால் தட்டிய பந்து இங்கிலாந்தின் கோலுக்குள் போனது. துனீசிய நடுவர் அலி பின் நாசர் பார்க்கவில்லை. லைன்ஸ்மேன் கொடி தூக்கவில்லை. அர்ஜென்டினா 2-1 என்று ஜெயித்தது. பார்த்திருந்தால்? இன்றைய விதிப்படியும் கோல் ரத்து, இங்கிலாந்துக்கு ஃப்ரீ கிக், மரடோனாவுக்கு மஞ்சள். அவ்வளவுதான்.

2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க். கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள், 1-1. கானாவின் கோலை உருகுவேயின் சுவாரெஸ் கையால் தடுத்தார். சிவப்பு, பெனால்டி. கியான் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுப் போனது. பெனால்டி ஷூட் அவுட்டில் கானா தோற்றது. அரையிறுதிக்குப் போகும் முதல் ஆப்பிரிக்க நாடு என்ற பெருமை 2022இல் மொராக்கோவுக்குப் போனது.

இங்கேதான் எனக்கு விதி புரிந்தது. கையால் போட்ட கோலை ரத்து செய்துவிடலாம்; எதிரணி இழப்பது ஒன்றுமில்லை, முயற்சிக்கு மட்டும் தண்டனை. கையால் தடுத்த கோலை யாராலும் திருப்பித் தர முடியாது. பெனால்டி என்பது வாய்ப்புதான், கோல் அல்ல.

மற்றபடி, பந்து கையில் பட்ட குற்றத்துக்கெல்லாம் அட்டை கிடையாது. நல்ல தாக்குதல் ஒன்றை வேண்டுமென்றே கையால் நிறுத்தினால் மஞ்சள். 2024-25 பருவத்திலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது: வேண்டுமென்று செய்யாத கைக்குற்றம் உறுதியான கோல் வாய்ப்பைக் கெடுத்து, அதற்குப் பெனால்டியும் கொடுத்துவிட்டால், சிவப்புக்குப் பதில் மஞ்சள்.

திங்கள்கிழமை கேண்டீனில் அந்தப் பையனிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். அவன் வீட்டுச் சுவரில் அர்ஜென்டினா கொடி வரைந்திருக்கிற ஆள். சிரித்துக்கொண்டே கேட்டான்: "மரடோனாவுக்கு ஒரு அட்டையும் இல்லை. எனக்கு மட்டும் சிவப்பா தாதா?"

டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.